நான்கு கட்டை தூரம்

“நாலுக்குள்ள மூணு இருக்கா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

“இருக்கு.”

“அப்ப என் கடைக் கண்ணாடி உடையும்.”

“அண்ணே, அந்தக் கம்பிய இன்னும் யாரும் செய்யவே இல்ல.”

“செய்யாத கம்பிக்கு எதுக்குத் தங்கச்சி கட்டைக் கணக்கு?”

பக்கத்து மேசையில் ஜெயராஜ் சிரித்துவிட்டார். ஞாயிறு மலருக்கு அவர்தான் பொறுப்பு. சிரிப்பை மறைக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவகாமிக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரில் நின்றவர் சிரிப்பதற்காக வந்தவராகத் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்த செய்தித்தாள் பக்கம். கிள்ளானிலிருந்து பஸ் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, விசாரித்து, பூக்கடைக்கு மேலே இருந்த இந்த அலுவலகத்தின் செங்குத்தான படியில் ஏறி வந்திருந்தார். பெயர் நஜ்முதீன் என்றார். கிள்ளான் பட்டணத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில், துறைமுகத்திலிருந்து எண்ணினால் மூணாங்கட்டையில், அதாவது மூன்றாவது மைலில், சாப்பாட்டுக் கடை. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் லோரிக்காரர்கள் வருவார்கள். அவருக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை. கணக்கு சரிதானா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அந்தப் பக்கத்தை எழுதியவள் சிவகாமி. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் பௌதிகம் படித்தவள் என்பதால் அறிவியல் பத்தி அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. மற்ற நேரங்களில் பிழை திருத்துவாள். கிள்ளானிலிருந்து தினமும் வந்து போகும் பஸ்ஸில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பாள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும் தடித்த நாவல்கள். பனி பெய்யும் ஊர்களில் யாராவது யாரையாவது நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார்கள். பத்தாங்கட்டை வெயிலில் பஸ் நிற்கும்போது அவள் அந்தப் பனியில் இருப்பாள். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கும்.

போன மாதம் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அந்தக் கட்டுரையைப் பார்த்தாள். டங்ஸ்டன் என்னும் கனத்த உலோகத்தில் தந்திக் கம்பம் போல நீளமான தடி. அதைப் பூமியைச் சுற்றவிட்டு, வேண்டிய இடம் வந்ததும் கீழே விட்டுவிடுவது. தடிக்குள் வெடிமருந்து கிடையாது. விழும் வேகமே ஆயுதம். யாரோ நாற்காலியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். செய்து பார்த்ததாக எழுதவில்லை. சிவகாமியை இழுத்தது அந்தக் கணக்குதான். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். சுற்றுப்பாதையில் வினாடிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம். பெருக்கிப் பார்த்தபோது, சும்மா ஓர் இரும்புத் தடி போலக் கிடக்கிற அது, தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு வெடிமருந்துக்குச் சமமாக இருந்தது. உயரமும் வேகமும் மட்டும் ஒரு பொருளை இப்படி ஆக்கிவிடும் என்பது அவளுக்கு ஒரு நாவலின் முதல் வரி போல இருந்தது. கட்டுரையில் ஒரு மனிதர்கூட இல்லை. இலக்கு என்ற சொல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்தது.

அவள் எழுதிக் கொடுத்ததை ஜெயராஜ் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார். “இலக்கு இலக்குன்னா நம்ம ஆளுக்கு என்ன தெரியும்? எங்கயோ பாலைவனத்துல விழுந்தா எவன் படிப்பான்? கிள்ளான் துறைமுகத்துல போடு. உனக்குத்தான் அந்தப் பக்கம் தெரியும்ல.”

அவளும் போட்டாள். தடி துறைமுகத்தில், கன்டெய்னர் அடுக்கும் இடத்தில் விழுந்தது. கிடங்குகள் இருந்த இடத்தில் பள்ளம். பாரந்தூக்கிகள் சாய்ந்தன. கட்டுரையோடு இருந்த வரைபடத்தில் இத்தனை டன் வெடிமருந்துக்கு இத்தனை தூரம் வரை கண்ணாடி உடையும் என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டில் விரலை வைத்து நாலு என்று கண்டுபிடித்தாள். ‘நான்கு கட்டை தூரம் வரை ஒரு வீட்டிலும் கண்ணாடி மிஞ்சாது’ என்பது பத்தியின் கடைசி வரி. அந்த வரி அவளுக்குப் பிடித்திருந்தது. சத்தம் இல்லாமல் முடிந்தது.

நஜ்முதீன் பையிலிருந்து பக்கத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். அது கடையில் இருந்த பிரதி. வேறொரு பிரதி கடலைத் தாண்டிப் போயிருந்தது.

“ஜெய்னுலாபுதீன்னு நம்ம கூட்டாளி ஊருக்குப் போனான். வீட்டுக்குக் கொஞ்சம் சாமான் குடுத்து விட்டேன். மைலோ, பவுடர், ரெண்டு சரோங், பீங்கான் கோப்பை. கோப்பைய சுத்தறதுக்குப் பேப்பர் வேணும்ல? பழைய பேப்பர்தான், எதுன்னு யார் பாத்தா?” அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். “இங்கேருந்து வர்ற எழுத்துன்னா ஊர்ல பொம்பளைங்க விடமாட்டாங்க தங்கச்சி. கோப்பையப் பிரிச்சி, பேப்பரை நீவி, படிச்சிருக்காங்க. படிச்சிட்டு நாலு வீட்டுக்கும் வாசிச்சிக் காட்டியாச்சு.”

“உடையாம போச்சா?” என்றார் ஜெயராஜ்.

“கோப்பை உடையல சார். வீட்லதான் வர மாட்டேங்குறாங்க.”

பிறகு அவர் சொன்னதை ஜெயராஜும் சிரிக்காமல் கேட்டார். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். இவர் இங்கே, மனைவி நூருன்னிசா கீழக்கரைப் பக்கம் ஊரில். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவார். அந்த ஊர் ஆண்கள் பலருக்கும் அதுதான் வாழ்க்கை. யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆனால் இவருக்கு இரண்டு வருடமாக ஓர் ஆசை வந்துவிட்டது. இங்கேயே கூட்டி வந்துவிட வேண்டும். கேட்டுக் கேட்டு, கடைசியில் சரி என்று சொல்ல வைத்தாயிற்று. பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. விசாவும் வந்துவிட்டது. இப்போது அங்கேயிருந்து ஒரே பேச்சு: வானத்திலிருந்து கம்பி விழுகிற ஊருக்கு வரமுடியாது.

“நீங்க எழுதினது, நீங்களே சொன்னாத்தான் நம்புவாங்க. நான் சொன்னா, கூட்டிட்டு வர்றதுக்காகச் சொல்றேம்பாங்க. வியாழக்கிழமை டிரங்க் கால் புக் பண்றேன். கடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசிடுங்க. ஒண்ணுமில்ல, கணக்கு தப்பு, கண்ணாடி உடையாதுன்னு.”

“கணக்கு தப்பில்லயேண்ணே.”

“இல்லியா?” என்றார் அவர். பக்கத்தை மடித்துத் திரும்பப் பையில் வைத்தார். “சரி. வந்து பாத்துட்டாச்சும் போங்க.”

அவர் இறங்கிப் போன பிறகு சிவகாமி அந்த ஆங்கிலப் பத்திரிகையைத் தேடி எடுத்தாள். தப்பு இருக்காது என்று காட்டிக்கொள்ளத்தான் எடுத்தாள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. முதல் தடவை அதை அவள் படிக்கவே இல்லை. காற்று மண்டலத்தில் இறங்கும்போது தடி வேகத்தை இழக்கும். தரையைத் தொடும்போது வினாடிக்கு மூன்று கிலோமீட்டர் அளவுதான் மிஞ்சும். அவளோ எட்டிலேயே வைத்து அதைத் தரைவரை கொண்டுவந்திருந்தாள். காற்றே இல்லாத ஒரு கிள்ளானில் அதைப் போட்டிருக்கிறாள். திரும்பப் பெருக்கினாள். ஆற்றல் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியது. தடி தன் எடை அளவு வெடிமருந்துக்குத்தான் சமம், அதற்கு மேல் இல்லை. ஆனால் வரைபடத்தில் விரலை வைத்தபோது தூரம் ஏழில் ஒரு பங்காகவில்லை, பாதிதான் ஆனது. நாலு, இரண்டாயிற்று. ஆற்றல் எவ்வளவு குறைந்தாலும் அது எட்டும் தூரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதைக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வரைபடத்தின் அடியில் கிலோமீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்தாள். அவள் வீட்டில் யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை. சாலைக் கல்லில் எண் மாறி எத்தனையோ வருடம் ஆகியும், கிள்ளானில் தூரம் என்றால் கட்டைதான். ஒரு கட்டை ஒரு மைல். நாலு என்று வந்ததும் கை தானாகவே நான்கு கட்டை என்று எழுதியிருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் தானே பிழை திருத்தியிருக்கிறாள். ஒற்றுப் பிழைகூட இல்லாத வரி.

கண்ணாடி உடைவது இரண்டு கிலோமீட்டர் வரை. ஒரு கட்டையும் கொஞ்சமும். நஜ்முதீனின் கடைக்கு அது பாதி வழிகூட வராது.

“திருத்தம் போடணும் சார்,” என்றாள்.

ஜெயராஜ் நிமிர்ந்து பார்த்தார். “விழாத கம்பிக்குத் திருத்தமா? நம்மளப் பத்தி என்ன நெனப்பான்?” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி லா. நாலு வரி எழுதிட்டு வா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் பக்கம் மூடுறதுக்குள்ள குடுத்தா போடறேன். குடுக்கலன்னா யாரும் கேக்கப் போறதில்ல.”

வியாழக்கிழமை மத்தியானம் அவள் அரை நாள் விடுப்பில் கிளம்பினாள். திருத்தத்தின் நான்கு வரியும் கைப்பையில் இருந்தது. பஸ்ஸில் நாவலைத் திறந்தாள், வாசிப்பு ஓடவில்லை. அந்த நாவலில் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. யார் எங்கே செத்தார்கள் என்று எழுத்தாளர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு போவார். வாசிக்கும்போது அது அவளுக்குச் சலிப்பாக இருந்திருக்கிறது. இன்றைக்கு, நான்கு கட்டைக்குள் எத்தனை வீடு இருக்கும் என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தாள். தையல் கடை, மோட்டார் பட்டறை, சீனர் மருந்துக் கடை, கம்பம் என்னும் மலாய்க் கிராமத்துக்குத் திரும்பும் மண் பாதையில் சைக்கிள் மிதிக்கும் ஒரு மலாய்க்காரர். அவள் எழுதியபோது இவர்கள் யாரும் அங்கே இல்லை. கண்ணாடி மட்டும் இருந்தது.

கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. இரண்டு லோரிக்காரர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மீன் குழம்பு வாசனை மேசையில் படிந்து நின்றது. கடைக்கு முன்னால் கண்ணாடி என்று எதுவும் இல்லை. மரப் பலகைக் கதவுதான். அவள் அதையே பார்ப்பதைக் கவனித்து, “இங்க இல்ல, மேல,” என்றார் நஜ்முதீன். கல்லாவை ஒரு ஆளிடம் விட்டுவிட்டு மாடிக்கு அழைத்துப் போனார்.

மாடியில் புதுச் சுண்ணாம்பு வாசனை. ஒரு படுக்கையறை, ஒரு சின்ன அடுப்படி, இரண்டுக்கும் நடுவில் சாமான் எதுவும் வைக்காத ஒரு சதுர இடம். அந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டுக்கூரையைப் பிரித்து, வரிசையாகக் கண்ணாடி ஓடு பதித்திருந்தது. வெயில் அதன் வழியாக இறங்கித் தரையில் ஒரு பாய் அளவுக்குக் கிடந்தது.

“ஊர்ல வீடு அவங்களுது,” என்றார். “எங்க பக்கம் அப்படித்தான். பொம்பளப் புள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் அங்க போவான். நானும் அப்படிப் போனவன்தான். நடுவுல முத்தம் இருக்கும், மேல வானம். அங்கதான் எந்நேரமும் உக்காந்திருப்பாங்க. கீரை ஆயறது, ஓதறது, புள்ளைங்களுக்குத் தையல் சொல்லிக் குடுக்கறது, எல்லாம் அங்கதான். இங்க வந்து ரூமுக்குள்ள எப்படி இருப்பாங்க? அதான் இந்த ஓடு. மழை வந்தா சத்தம் நல்லா இருக்கும்.” அவர் வெயிலில் கால் படாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். “இத மொதல்லயே சொல்லிட்டேன், அதுதான் தப்பு. தலைக்கு மேல கண்ணாடி வச்சிருக்கீகளே, கம்பி விழுந்தா எம் மேலதான கொட்டும்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?”

“உடையாதுண்ணே,” என்றாள் சிவகாமி. “நான் போட்ட கணக்கு தப்பு. காத்தக் கழிக்கல. கிலோமீட்டரக் கட்டைன்னு எழுதிட்டேன். ஒரு கட்டைய தாண்டிக் கொஞ்சம், அவ்வளவுதான். உங்க கடைக்கு வராது.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டது அவளுக்குக் கேட்டது. உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு தடி தன் கூரையை விட்டு விலகிப் போனதற்காக ஒருவர் இப்படி மூச்சு விடுவதை அவள் எந்த நாவலிலும் படித்ததில்லை.

கீழே மணி அடித்தது. நஜ்முதீன் இரண்டிரண்டு படியாக இறங்கினார். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த போனை எடுத்து, “ஆமா, ஆமா, கிள்ளான், குடுங்க,” என்று கத்தினார். ஊரில் மனைவிக்குப் பக்கத்து வீட்டு முத்து பீவியின் போனுக்குத்தான் புக் பண்ணியிருந்தார். சலாம் சொல்லி, சாப்பாடு கேட்டு, உடம்பு கேட்டு, “அந்தத் தங்கச்சி வந்திருக்காங்க, அவங்ககிட்டயே கேளு,” என்று போனை நீட்டினார்.

முதலில் இரைச்சல். கடல் போல இருந்தது. அவள் ஹலோ சொன்னாள். அந்தச் சொல் போய்ச் சேர நேரம் எடுத்தது. வானத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் வரை ஏறி, அங்கிருந்து அந்த ஊரின் ஒரு வீட்டுக்குள் விழ வேண்டும். பதிலும் அப்படித்தான் வரவேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

“சிவகாமியா? பேரு போட்டிருந்துச்சு.” குரல் அவள் நினைத்ததைவிடச் சின்ன வயதாக இருந்தது. பயந்த குரலாகவும் இல்லை. “நல்லா எழுதியிருந்தீக புள்ள. இங்க எல்லாரும் படிச்சோம். மிஞ்சாதுன்னு முடிச்சிருந்தீகளே, அத என் நாத்துனா மனப்பாடமாச் சொல்லுவா.”

“அக்கா, அதுல ஒரு—”

“கொஞ்சம் இருங்க. அவுக பக்கத்துல நிக்கிறாகளா?”

“ஆமாக்கா.”

“அப்ப நீங்க பேசாதீக. நான் கேக்கறதுக்கு ம் மட்டும் சொல்லுங்க. அந்தக் கணக்கு தப்பா?”

“ம்.”

“ரொம்பத் தப்பா?”

“ம்.”

இரைச்சல் மட்டும் கேட்டது. தாமதமா, அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. நஜ்முதீன் ஈரத் துணியால் கல்லா மேசையை ஒரே இடத்தில் துடைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

“நெனச்சேன்,” என்றாள் நூருன்னிசா. “ஒரு கம்பிக்கு அம்புட்டு வருமான்னு நானும் நெனச்சேன். தங்கச்சி, அவுக நல்ல மனுஷன். ஒரு குறையும் சொல்ல முடியாது. ரெண்டு வருசமாக் கேட்டுட்டு இருந்தாக, எப்படி முடியாதுன்னு சொல்ல, சரின்னுட்டேன். சொல்லிட்டு அன்னைலருந்து தூக்கமில்ல. நான் இருக்கறது எங்க உம்மா எனக்குக் குடுத்த வீடு. நான் பொறந்ததும் அந்த வீட்டுலதான். காலைல பதினோரு புள்ளைக தையலுக்கு வருது. நான் சொன்னா நாலு தெருவுல கேப்பாக. அங்க வந்து ஒரு கடைக்கு மேல உக்காந்துக்கிட்டு, கீழ லோரிக்காரவுக சாப்பிடுறத கேட்டுக்கிட்டு, என்னத்த நான் செய்ய? எனக்கு வர இஷ்டமில்ல தங்கச்சி. அத அவுககிட்ட சொன்னா மனசு விட்டுருவாக. பயமா இருக்குன்னா மட்டும் பொறுத்துக்குவாக. பொம்பள பயப்படுறதுல யாருக்கும் கோவமில்ல பாருங்க.”

சிவகாமி போனை மறு காதுக்கு மாற்றினாள். கைப்பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு வரி. நாளைக்குப் பக்கம் மூடுவார்கள்.

“எனக்கு வேற ஒண்ணும் கெடைக்கல. கோப்பையப் பிரிச்சப்ப அந்தப் பேப்பர்தான் கெடைச்சுது. உங்க புண்ணியம்.” குரல் கொஞ்சம் சிரித்தது, உடனே நின்றது. “கேக்குதா?”

“ம்.”

நஜ்முதீன் துணியைக் கீழே வைத்துவிட்டார். அவள் சொல்ல மறந்துவிட்டாளோ என்று நினைத்தாரோ என்னவோ, வலது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார். ஒரு கட்டை. பிறகு விரலைக் கூரைப் பக்கம் நீட்டி, இல்லை என்று ஆட்டினார். சொல்லுங்க, சொல்லுங்க என்று தலையசைத்தார். மாடிப்படியின் மேல் முனையில், கண்ணாடி ஓட்டு வெயில் ஒரு பட்டையாக வழிந்து முதல் இரண்டு படி வரை இறங்கியிருந்தது.

“அதத் திருத்தி எழுதிறாதீக தங்கச்சி,” என்றது மேலேயிருந்து விழுந்த குரல். “இப்ப போனை வச்சதும் அவுக கேப்பாக. கணக்கு சரிதான், உடையத்தான் உடையும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சொல்லுவீகளா?”